எட்டாத நட்டு

விடியற்காலையில் வாசலில் படபடவென்று வெடித்துத் தெருவையே எழுப்பிவிடுகிற வண்டி, ஊரின் மறுகோடியிலுள்ள சோதனை நிலையத்துக்குப் போனதும் பூனைக்குட்டி மாதிரி எப்படி அடங்கிவிடுகிறது என்பது ரொட்டியம்மாவுக்குப் பிடிபடவே இல்லை. ஒரு தடவை என்றால் ஏதோ நம் நல்ல நேரம் என்று விட்டுவிடலாம். சத்தம் அதிகம் என்று இரண்டாவது புகார் வந்து போனபோதும் அதேதான் நடந்தது.

சோதனை நிலையத்தில் சத்தம் அளக்கிறவரை எல்லோரும் மீட்டர்காரர் என்றுதான் சொல்வார்கள். ஒல்லியான மனிதர். வேலையில் அவசரம் கிடையாது. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை ஓடவிடுவார். விதி அப்படி. பிறகு சைலன்சரின் வாய்க்குப் பின்னால், அரை மீட்டர் தள்ளி, நேர் பின்னாலும் இல்லாமல் நேர் பக்கவாட்டிலும் இல்லாமல் ஒரு சாய்வான இடம் பார்த்து மைக்கை வைப்பார். இன்ஜின் அதிகபட்சம் எவ்வளவு வேகத்தில் வேலை செய்யுமோ அதில் பாதிக்கு முறுக்கச் சொல்லி, சட்டென்று கையை எடுக்கச் சொல்வார். எந்த வண்டி வந்தாலும் அதே தூரம், அதே சாய்வு, அதே பாதி வேகம். ஒரே மாதிரி அளந்தால்தானே ஒரு வண்டியையும் இன்னொரு வண்டியையும் ஒப்பிட முடியும். இல்லாவிட்டால் அளக்கிறவர் காதுக்குப் பிடித்தது பாஸ், பிடிக்காதது பெயில் என்றாகிவிடும்.

மீட்டரில் வந்த எண், எல்லைக்கு நன்றாகக் கீழே இருந்தது. அதைப் பார்த்து மீட்டர்காரர் சந்தோஷப்படவில்லை.

"அம்மா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே."

"கேளுங்க சார்."

"வீட்ல போட்டுக்க ஒரு சைலன்சர், இங்க வர்றதுக்கு ஒரு சைலன்சர் வச்சிருக்கீங்களா?"

"சார், எனக்குத் தலை வாரவே நேரம் இல்ல. சைலன்சரை எங்க மாத்துறது?"

அவர் சிரிக்கவில்லை. குனிந்து இன்ஜினின் முன்பக்கத்தைப் பார்த்தார். இன்ஜின் தலையிலிருந்து சைலன்சர் குழாய் கிளம்புகிற இடத்தில், குழாயின் கழுத்தை ஒரு இரும்புத் தகடு பிடித்துக்கொண்டிருக்கும். அந்தத் தகட்டை வலதுபக்கம் ஒரு நட்டும் இடதுபக்கம் ஒரு நட்டும் இறுக்கிப் பிடிக்கும். வலது நட்டை அவர் பேனா முனையால் காட்டினார்.

"இதப் பாருங்க. சுத்தி எல்லாம் துரு. இந்த நட்டு முனை மட்டும் பளபளன்னு இருக்கு. அடிக்கடி ஸ்பேனர் படற நட்டு இது. யாரோ குழாயக் கழட்டிக் கழட்டி மாட்டுறாங்க."

"நான் தொட்டதே இல்ல சார்."

"நீங்க தொடலன்னா தொடறவங்க யாருன்னு பாருங்க. மூணாவது புகார் வந்தா உங்கள இங்க அனுப்ப மாட்டாங்க. நேரா வீட்டுக்கு வந்து வண்டிய ஏத்திட்டுப் போயிடுவாங்க. அப்புறம் என் மீட்டர் என்ன சொன்னாலும் செல்லாது."

திரும்பி வரும் வழியெல்லாம் வண்டி சமர்த்தாக ஓடியது. அது சமர்த்தாக ஓட ஓட ரொட்டியம்மாவுக்குச் சந்தேகம்தான் ஏறியது.

வீட்டின் முன்னறைதான் கடை. அதற்குப் பின்னால் அடுப்பு அறை. அடுப்பு அறைக்கு மேலே தாழ்வான ஒரு பரண், அதில் கொழுந்தன் படுத்துக்கொள்வான். புருஷன் இருட்டு பிரியும் முன்பே எழுந்து மாவைப் பிசைந்து அடுப்பை மூட்டிவிடுவார். அடுப்பு அவர் அப்பா காலத்தது. கனமான இரும்புக் கதவு. இடதுபக்கம் கீல், வலதுபக்கம் ஒரு திருகு. முதலில் தீ மூட்டும்போது கதவின் ஓரத்திலிருந்து புகை கசியும். திருகை ஒரு முறுக்கு முறுக்குவார். அடுப்பு நன்றாகக் காய்ந்ததும் கதவும் சட்டமும் விரிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். புகை தானாக நின்றுவிடும். புகை நின்றால் ரொட்டியை உள்ளே விடலாம் என்று அர்த்தம். அந்த வீட்டில் கடிகாரத்தைவிட அந்தப் புகைக்குத்தான் மரியாதை.

வெந்த ரொட்டியை ரொட்டியம்மா வண்டியின் பின்பெட்டியில் அடுக்கிக்கொண்டு கிளம்புவாள். டீக்கடைகள், பள்ளிக்கூட விடுதி, ஆஸ்பத்திரி கேண்டீன் என்று கடைகள் திறப்பதற்குள் ஒரு சுற்று. புருஷனுக்கு அடுப்பைத் தவிர எந்த இரும்பும் பழக்கமில்லை. சைக்கிளே ஓட்டத் தெரியாதவர். வண்டி போனால் ரொட்டி வீட்டோடு காய வேண்டியதுதான். காய்ந்த ரொட்டியை யார் வாங்குவார்கள். இந்த ஒரு வண்டிதான் அந்த அடுப்புக்குக் காலும் கையும்.

சரி, நட்டைத் தொடுவது யார். அவள் தொடுவதில்லை. புருஷனுக்குத் தொடத் தெரியாது. மிச்சம் இருப்பது ஒரே ஆள்.

கொழுந்தனுக்குத் தெருவில் டமாரம் என்று பேர். கேட் வெல்டிங் பட்டறையில் வேலை. நாள் முழுக்க இரும்பைத் தட்டித் தட்டி அவன் சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுகிற மாதிரி இருக்கும். பேர் வந்தது அதனால் மட்டும் இல்லை. போன வருஷம்வரை அவனிடமும் ஒரு பழைய வண்டி இருந்தது. அதன் சைலன்சரை வெட்டி, உள்ளே இருக்கும் துளைபோட்ட குழலை உருவிவிட்டான்.

அந்தக் குழல் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் அவன் செய்த காரியத்தின் கனம் புரியும். இன்ஜினுக்குள் ஒவ்வொரு தடவை பெட்ரோல் எரிவதும் ஒரு சின்ன வெடி. அந்த வெடியின் காற்று நேராக வெளியே வந்தால் துப்பாக்கிச் சத்தம்தான். சைலன்சருக்குள்ளே சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றன. காற்று துளைகள் வழியாக ஒரு அறைக்குள் நுழைந்து, சுவரில் முட்டி, திரும்பி, அடுத்த அறைக்குப் போகும். கோபமாக ஆபீசுக்குள் நுழைந்த ஆளை நாலு மேசைக்கு அலையவிட்டால் கடைசி மேசையில் அவர் குரல் எப்படி இருக்குமோ, அப்படித்தான் அந்தக் காற்று வாலிலிருந்து வெளியே வரும். டமாரம் மேசைகளை எல்லாம் எடுத்துப் போட்டுவிட்டான். ஒரு வாரம் ராஜா மாதிரி சுற்றினான். பிறகு பிடித்துவிட்டார்கள். வண்டியை விற்று அபராதம் கட்டித்தான் வெளியே வந்தான். இப்போது பட்டறைக்கு நடந்து போகிறான்.

ஆசை விட்டதா என்பதுதான் கேள்வி.

எதிர்வீட்டு நர்ஸம்மாதான் இரண்டு புகாரும் கொடுத்தவர். அதை மறைக்கவும் இல்லை. ராத்திரி வேலை முடித்து வந்து படுக்கும் நேரமும் ரொட்டியம்மா வண்டியைக் கிளப்பும் நேரமும் ஒன்று. வீடுகள் நெருக்கமாக எதிரும் புதிருமாக நிற்கிற சந்து. சத்தம் இந்தச் சுவரில் பட்டு அந்தச் சுவருக்குப் போய் இரண்டு மடங்காகத் திரும்பி வரும்.

"மறுபடியும் பாஸா?" என்று ஜன்னலில் இருந்து கேட்டார் நர்ஸம்மா.

"பாஸ்தான் அக்கா. நீங்களே வந்து பாருங்க, இப்ப சத்தம் இருக்கா?"

"இப்ப இல்ல. அங்க போறப்பவும் இல்ல. நான் தலையணையில தலை வைக்கிறப்ப மட்டும் இருக்கு. பரீட்சை அன்னிக்கு மட்டும் படிக்கிற பிள்ளை மாதிரி இருக்கு உங்க வண்டி."

"நாங்க எதுவும் பண்ணலக்கா."

"உங்களச் சொல்லல. வீட்ல ஒருத்தர் இருக்காரே, தெருவே கேக்கட்டும்னு வண்டி ஓட்டுனவரு. நானும் எத்தனை நாள்தான் பஞ்சக் காதுல வச்சுக்கிட்டுப் படுக்கிறது. நேத்து வார்டுல ஊசிய எடுத்து வச்சுட்டு யாருக்குப் போடணும்னே மறந்து நின்னேன். பயமா இருக்கு. இந்த வாரம் பாப்பேன். திங்கட்கிழமையும் இதே சத்தம் கேட்டா போன் பண்ணிடுவேன். அப்புறம் என்கிட்ட முகத்தத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

நியாயம்தான்.

மத்தியானம் மூன்று பேரும் உட்கார்ந்து முட்டைக் குழம்பில் ரொட்டியின் ஓரங்களைத் தோய்த்துச் சாப்பிட்டார்கள். விற்க முடியாத ஓரங்கள்தான் அந்த வீட்டுச் சாப்பாடு. இப்போதெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. உப்பு வேண்டுமென்றாலும் அவளிடம்தான் கேட்பார்கள்.

"அண்ணி, என்ன சொன்னாங்க அங்க?"

"பாஸ்னு சொன்னாங்க. யாரோ நட்டத் திருகுறாங்கன்னும் சொன்னாங்க."

புருஷன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார், "திருகுறவன் சாப்பிட்டுட்டு நல்லாத்தான் இருக்கான்."

டமாரத்தின் கை பாதியில் நின்றது. "யாரச் சொல்றாரு அண்ணி இவரு?"

"யாரையும் சொல்லல. சாப்பிடு தம்பி."

"இல்ல, எனக்குக் கேக்கணும். நான்தான்னா நேரா சொல்லச் சொல்லுங்க. ரொட்டிகிட்ட சொல்ற மாதிரி தட்டப் பாத்துப் பேசினா?"

"வண்டி போச்சுன்னா," என்று புருஷன் தட்டிடமே சொன்னார், "பரணையும் காலி பண்ணிக்கிட்டுப் போகட்டும். அவ்வளவுதான்."

டமாரம் கையைக் கழுவிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டான். அவன் சத்தம் போடாமல் போனதுதான் அவளுக்கு மேலும் சந்தேகத்தைக் கொடுத்தது. குற்றம் இல்லாதவன் கத்தியிருப்பானே. பிறகு தோன்றியது: கத்தியிருந்தால், குற்றம் உள்ளவன்தான் கத்துவான் என்று நினைத்திருப்பாள். சந்தேகம் வந்துவிட்டால் எதிராளிக்குச் சரியான பதில் என்று ஒன்றே கிடையாது.

அன்று சாயங்காலம் அவள் பரணில் ஏறிப் பார்த்தாள். பழைய சட்டைக்குள் சுற்றி வைத்த ஒரு இரும்புக் குழல் கிடைத்தது. முழுக்கத் துளைகள். கீழே கொண்டுவந்து வண்டியின் சைலன்சர் வாயில் வைத்துப் பார்த்தாள். குழல் வாயைவிடத் தடிமன். உள்ளேயே போகாது. அவன் பழைய வண்டியினுடையதுதான். ஞாபகத்துக்கு வைத்திருக்கிறான், கிறுக்குப் பயல்.

ஆனாலும் விடவில்லை. ஒடிந்த குடையிலிருந்து ஒரு கம்பியை உருவி சைலன்சரின் வால் வழியாக உள்ளே விட்டாள். உள்ளே ஒன்றுமில்லை என்றால் கம்பி தங்குதடையில்லாமல் போக வேண்டும். நாலு விரல்கடை போனதும் எதிலோ இடித்து நின்றது. சாய்த்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், எங்கே விட்டாலும் இடித்தது. மேசைகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. அப்படியானால் சத்தம் எங்கிருந்து வருகிறது?

குழலைச் சட்டையில் மடித்துச் சுற்றி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, தன் பெட்டியிலிருந்து சிவப்பு நகப்பூச்சை எடுத்தாள். வண்டிக்கு முன்னால் உட்கார்ந்து, வலது நட்டிலிருந்து தகடு வரைக்கும் ஒரு மெல்லிய கோடு இழுத்தாள். நட்டு நகர்ந்தால் கோடு முறியும். இடது நட்டு ஹார்ன் தகட்டுக்கும் காலைக் காக்கும் வளைகம்பிக்கும் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது. ஸ்பேனர் நுழையாத சந்து. நகப்பூச்சுத் தூரிகை மெல்லியது என்பதால் எப்படியோ நுழைத்து அதிலும் ஒரு கோடு இழுத்தாள்.

மறுநாள் சுற்று முடித்து வந்தபோது இரண்டு கோடும் அப்படியே இருந்தன. அதற்கடுத்த நாள் காலையில் பார்த்தாள். இடது நட்டின் கோடு முறியவில்லை. வலது நட்டின் கோடு முறிந்திருந்தது.

அவள் குனிந்து கிட்டே பார்த்தாள். முறிந்தது ஆச்சரியமில்லை. முறிந்த விதம்தான் ஆச்சரியம். கழற்றுகிறவன் நட்டை இடப்பக்கமாகத் திருப்புவான். இந்தக் கோடு வலப்பக்கமாக நகர்ந்திருக்கிறது. யாரோ நட்டைக் கழற்றவில்லை. யாரோ அதை இறுக்கியிருக்கிறார்கள்.

திருட்டுத்தனமாக வந்து பூட்டை நன்றாகப் பூட்டிவிட்டுப் போகிற திருடனை அவள் கேள்விப்பட்டதில்லை.

அன்று மத்தியானம் தலைவலி என்று சொல்லிப் படுத்தாள். படுத்த இடத்திலிருந்து ரொட்டித் தட்டுகள் அடுக்கிய ரேக்கின் இடுக்கு வழியாக வாசல் தெரியும். டமாரம் சாப்பிட வரவே இல்லை. அடுப்பு அடங்கியிருந்தது. புருஷன் மெதுவாக எழுந்து மாவு டிரம்முக்குப் பின்னால் கைவிட்டு எதையோ எடுத்தார். வாசலுக்குப் போய் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு வண்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

அவள் சத்தமில்லாமல் போய்ப் பின்னால் நின்றாள்.

"என்னங்க."

அவர் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது.

"தலைவலின்னு சொன்ன?"

"இப்பத்தான் ஆரம்பிக்குது. என்ன பண்றீங்க?"

"முறுக்குறேன்."

"எதுக்கு?"

"அவன் கழட்டுறான், நான் முறுக்குறேன். வேற என்ன பண்ணச் சொல்ற? ரெண்டு மாசமா இதத்தான் பண்ணிக்கிட்டிருக்கேன். உன்கிட்ட சொன்னா அவனுக்குப் பரிஞ்சு பேசுவ."

"அவன் கழட்டுறதப் பாத்தீங்களா?"

"பாக்கணுமா? தினமும் வந்து வச்சுப் பாக்குறேன். தினமும் ஒரு துளி உள்ள போகுது. முந்தின நாள் இறுக்குன நட்டு மறுநாள் எப்படி மறுபடியும் திரும்பும்? யாரோ தளத்தி வச்சாத்தானே?"

அவள் கீழே உட்கார்ந்து சிவப்புக் கோட்டைக் காட்டினாள். "இது நான் போட்டது. யாராவது கழட்டியிருந்தா இது இந்தப் பக்கம் வந்திருக்கணும். வரல. நீங்க திருப்புனது மட்டும்தான் இருக்கு. சரி, அந்தப் பக்கத்து நட்ட ஏன் முறுக்கல?"

"அது எட்டல. கம்பியக் கழட்டணும். அதோட எதுக்கு ரெண்டையும் முறுக்கணும்? அடுப்புக் கதவுக்கு நாம ஒரு பக்கம்தானே முறுக்குறோம்? ஒரு பக்கம் முறுக்குனா முழுக்க மூடிக்குதில்ல?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அடுப்பு அறையைப் பார்த்தாள். திரும்பவும் வண்டியைப் பார்த்தாள்.

"அடுப்புக் கதவுக்கு அந்தப் பக்கம் கீல் இருக்குங்க," என்றாள். "இதுக்குக் கீல் எங்க இருக்கு?"

அவர் குனிந்து தகட்டைச் சுற்றிப் பார்த்தார். கீல் இல்லை.

ரொட்டி சுற்றுகிற மெல்லிய தாளில் ஒரு கீற்றுக் கிழித்துக்கொண்டு வந்தாள். காலையிலிருந்து நின்ற வண்டி, நன்றாக ஆறியிருந்தது. சோக்கை இழுத்துக் கிளப்பினாள். குளிர்ந்த இன்ஜின் அணையாமல் இருக்க, பெட்ரோலைக் கூட்டி விடுகிற சோக்கில் அது வேகமாக ஓடும். அந்த வேகத்துக்கு ஏற்ற மாதிரி வெடித்தது. எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. அவள் தாள்கீற்றைத் தகட்டின் வலது ஓரத்துக்குக் கொண்டுபோனாள். ஆடவில்லை. கம்பிக்குள் கையை விட்டு இடது ஓரத்துக்குக் கொண்டுபோனாள். தாள் விசிறி மாதிரி படபடவென்று அடித்துக்கொண்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் அந்தப் பக்கத்து இரும்பு முழுக்கக் கரிப்புகை படிந்து கறுத்திருந்தது. சைலன்சருக்குள் நுழைவதற்கு முன்பே, முதல் மேசைக்குப் போவதற்கு முன்பே, வெடி வாசலிலேயே தப்பித்து ஓடிக்கொண்டிருந்தது.

"கைய எடு, சுடப்போகுது," என்றார் புருஷன்.

"இருங்க."

வண்டியை ஓடவிட்டுத் தாளைத் தள்ளிப் பிடித்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் தாளின் ஆட்டம் குறைந்தது. பிறகு லேசாக நடுங்கியது. பிறகு நின்றுவிட்டது. வெடியும் நின்று, பூனைக்குட்டிச் சத்தம் வந்தது.

"புகை நின்னுடுச்சு," என்றார் புருஷன். அவருக்குத் தெரிந்த பாஷை அதுதான். அதுவே சரியான பாஷையாகவும் இருந்தது. சூட்டில் இரும்பு விரிந்து இடுக்கு மூடிக்கொண்டது. சோதனை நிலையத்துக்கு ஊரையே கடந்து போக வேண்டும். போய்ச் சேரும்போது வண்டி காய்ந்த அடுப்பு மாதிரி இருக்கும். போதாததற்கு மீட்டர்காரரும் சூடேற்றிவிட்டுத்தான் அளப்பார், அதுவும் வால் பக்கம். சத்தம் வருவதோ தலைப்பக்கம், ஆறிய நேரத்தில். அதிலும் வாசலில் நிறுத்தும்போது வண்டியின் இடதுபக்கம் நேராக நர்ஸம்மா வீட்டைப் பார்த்திருக்கும். மீட்டர் பொய் சொல்லவில்லை, நர்ஸம்மாவும் பொய் சொல்லவில்லை.

"அப்ப தினமும் நட்டு திரும்புச்சே?" என்றார் புருஷன் விடாமல்.

"டப்பா மூடிய ஒரு ஓரத்துல மட்டும் அமுக்குங்க. என்ன ஆகும்? அமுக்க அமுக்க அந்தப் பக்கம் இறங்கும், இந்தப் பக்கம் தூக்கும். தகடு சாஞ்சுக்கிட்டே போயிருக்கு. அதனாலதான் நட்டுக்குத் தினமும் இடம் கெடச்சுது. யாரும் கழட்டல. முதல்ல ஏதோ லேசா கசிஞ்சிருக்கும். அதப் பெருசாக்குனது நாமதான்."

நாமதான் என்று சொன்னது அவள் பெருந்தன்மை. அது அவருக்கும் தெரிந்தது.

"ரெண்டு மாசமா நானும் இந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. டமாரம் நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. "பேக்கிங் கசியுதுன்னு அன்னிக்கே தோணுச்சு. சொன்னா, உனக்கெப்படித் தெரியும், நீதான பண்ணுனன்னு கேப்பீங்க. அதான் வாய மூடிக்கிட்டேன்."

"தம்பி, நானும்தான் உன்னச் சந்தேகப்பட்டேன். பரண்ல ஏறிப் பாத்தேன்."

"தெரியும் அண்ணி. சட்டைய மடிச்சு வச்சிருந்தீங்க. நான் என்னிக்கு மடிச்சிருக்கேன்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை. அண்ணனைப் பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணன் கீழே கிடந்த ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பேக்கிங்ன்னா என்ன?" என்று கேட்டார் கடைசியில், ஸ்பேனரைப் பார்த்தபடியே.

டமாரம் அண்ணியைப் பார்த்துப் பதில் சொன்னான். "குழாய்க்கும் இன்ஜினுக்கும் நடுவுல ஒரு செம்பு வளையம் இருக்கும். மெத்துன்னு இருக்கும். இறுக்குனா நசுங்கி இடுக்க அடைச்சுக்கும். ஒரு தடவதான் நல்லா நசுங்கும். இந்த ஒரு பக்க முறுக்குல அது ஒரு பக்கம் அப்பளமா ஆகியிருக்கும். புதுசு போடணும். சாயங்காலம் வாங்கிட்டு வர்றேன்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ரொட்டிச் சுற்று கிடையாது. வண்டி நன்றாக ஆறியிருந்தது. டமாரம் முதலில் காலைக் காக்கும் வளைகம்பியைக் கழற்றினான். ஹார்னைத் தகட்டோடு விலக்கினான். குழாயை இறக்கியபோது பழைய வளையம் வந்தது. ஒரு பக்கம் காகிதமாக மெலிந்து, மறுபக்கம் புதுசு மாதிரி தடிமனாக, கரி பூசிக்கொண்டு. அதைப் புருஷன் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் கருகி ஒரு பக்கம் வேகாத ரொட்டியைப் பார்க்கிற முகம்.

வளையம் உட்காரும் இடங்களை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து, புது வளையத்தை வைத்து, குழாயைத் தூக்கிப் பொருத்தினான். இரண்டு நட்டையும் விரலாலேயே ஏற்றினான். பிறகு பட்டறையிலிருந்து கொண்டுவந்த இரண்டாவது ஸ்பேனரை எடுத்தான்.

புருஷன் தன் ஸ்பேனரை நீட்டினார். "நீயே பண்ணு. நான் தொட்டா கெட்டுப்போகுது."

"இல்ல. வலது பக்கம் உன் பக்கம். இந்தப் பக்கம் நான் பாத்துக்கிறேன். நான் அரைச் சுத்து திருப்புவேன். அப்புறம் நீ அரைச் சுத்து. அதுக்கு மேல ஒரு இழை கூடத் திருப்பக் கூடாது."

வண்டியின் இரண்டு பக்கமும் இரண்டு பேரும் குந்தினார்கள். நடுவில் தகடு.

"அரை," என்றான் டமாரம்.

"அரை," என்றார் அண்ணன்.

"அரை."

"அரை. கொஞ்சம் கெட்டியா இருக்குடா."

"இருக்கட்டும். இனிமே கால். என் பக்கம் கால்."

"என் பக்கமும் கால்."

"போதும் அண்ணே. விடு. போதும்னா கேளு."

இரண்டு மாதத்தில் அவர்கள் ஒருவருக்கொருவர் நேராகப் பேசியது அதுதான். ரொட்டியம்மா அதில் தலையிடவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து பழைய வளையத்தை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை விடிந்தது. பெட்டியில் ரொட்டியை அடுக்கிவிட்டு அவள் வெளியே வந்தபோது நர்ஸம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து தன் வீட்டு கேட்டில் நின்றுகொண்டிருந்தார். தோளில் பை, கையில் போன். போகவில்லை. நின்று பார்த்தார். அடுப்பு அறை வாசலில் புருஷன் மாவு படிந்த கையோடு நின்றார். பரணிலிருந்து இறங்கி டமாரமும் வந்து நின்றான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, எல்லோரும் வண்டியைப் பார்த்தார்கள்.

சோக்கை இழுத்தாள். உதைத்தாள். ஆறிப்போன இன்ஜின் ஒரு தடவை இருமி, பிடித்துக்கொண்டது. தொப், தொப், தொப் என்று தரையில் மாவை அறைகிற மாதிரி ஒரு மந்தமான சத்தம். அதுவும் வால் பக்கமிருந்து. தலைப்பக்கம் ஒன்றுமே இல்லை.

நர்ஸம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார். "என்ன, இங்கயும் பரீட்சையா இன்னிக்கு?"

"இனிமே தினமும் பரீட்சைதான் அக்கா."

"பாப்போம்," என்றார். போனைப் பைக்குள் போட்டார். "நாளைக்கும் கேப்பேன். நாளன்னிக்கும் கேப்பேன்."

"கேளுங்க."

கேட் சாத்திக்கொண்டது. ரொட்டியம்மா வண்டியைத் திருப்பும்போது எதிர்வீட்டு ஜன்னலின் திரை இறங்குவதைப் பார்த்தாள்.

சுற்று முடிந்து, வண்டி ஆறிய பிறகு, புருஷன் மாவு டிரம்முக்குப் பின்னாலிருந்து அல்லாமல் எல்லோரும் பார்க்க ஸ்பேனரை எடுத்துவந்து, தம்பியைக் கூப்பிட்டார். ஒரு தடவை நன்றாகச் சூடாகி ஆறினால் புது வளையம் கொஞ்சம் அமுங்கும்; அதனால் இரண்டு நட்டுக்கும் சமமாக ஒரு துளி பிடிப்புக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்த வண்டி அந்தத் தெருவில் யாரையும் எழுப்பவில்லை.

செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதான்: புது வளையம் போட்டு, இன்ஜின் ஆறியிருக்கும்போது, எட்டாத நட்டையும் எட்டும்படி கம்பியைக் கழற்றிவிட்டு, இந்தப் பக்கம் அரைச் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று என்று இரண்டு நட்டையும் மாறி மாறி இறுக்க வேண்டும்.